பதினோரு ஓங்கில்கள்

மார்ச் 24

கால்நடை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுத இடமில்லாததை எழுதுவதற்காக இந்த நோட்டை வாங்கினேன். வாயால் சொன்னால் "டாக்டரம்மாவுக்கு பிரஷர் ஏறுது" என்கிறார்கள். நோட்டு அப்படிச் சொல்லாது.

காலையில் வடக்குக் கரையில் ஒன்று ஒதுங்கியிருந்தது. புத்தகத்தில் இதற்குக் கடற்பன்றி என்று பெயர். எங்கள் கோரைப்பட்டினத்தில் டால்பினும் ஓங்கில்தான், இதுவும் ஓங்கில்தான். டால்பினுக்கு இருக்கும் முதுகுத் துடுப்பும் நீண்ட மூக்கும் இதற்குக் கிடையாது. வழுவழுப்பான சாம்பல் உடம்பு, மொட்டை முகம். நாலரை அடி. பெண்.

மணலில் வைத்தே அறுத்தேன். மூச்சுக்குழாய் நிறைய நுரை. வயிற்றில் செரிக்காத மீன். சாவதற்குச் சற்று முன்புவரை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது. நோய் இல்லை, முதுமை இல்லை. தண்ணீருக்கடியில் எதிலோ சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்திருக்கிறது. போதாததற்கு வயிற்றில் ஒரு நீளக் கிழிசல். விளிம்பு நேராக இருந்தது. சுறாவின் பல் அப்படிக் கிழிக்காது. கத்தி.

விசைப்படகுக்காரர்கள். வேறு யார்? கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கரையில் நின்றே அவர்கள் படகின் பெயரைப் படிக்கலாம். அவ்வளவு பக்கத்தில், கடல் தரையை வாரும் மடிவலையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். புல், குஞ்சு, ஆமை, ஓங்கில், எல்லாம் ஒரே வாரலில்.

வனத்துறை ரேஞ்சர் திருமாறன் தாளை நீட்டினார்.

"வழக்கமா எழுதுறதுதான் மேடம்."

"சார், இது மூழ்கிச் செத்தது."

"கடல்ல கெடக்கிறது மூழ்கிச் செத்துச்சுன்னு எழுதுனா சிரிக்க மாட்டாங்களா?"

அவரே சிரித்தார். பக்கத்தில் நின்ற என் உதவியாளர் முனியசாமி சிரிக்கவில்லை. குழி தோண்டினான்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். ரசம் மட்டும் வைத்தேன்.

மார்ச் 26

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி, நூற்று நாற்பது ஆடு. கரண்ட் போனதால் மருந்தைக் காக்க ஐஸ் பெட்டிக்கு அலைந்தேன். இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்து நான்கு வருடமாகிறது. ஜெனரேட்டருக்கு எழுதியதும் நான்கு வருடமாகிறது. வேறு டாக்டரும் கிடையாது, எல்லாம் நான்தான்.

ஏப்ரல் 3

இன்னொன்று. இது ஆண், இளசு. இதற்கும் வயிற்றில் கத்தி.

மூக்கைச் சுற்றியும் முன் துடுப்பின் அடியிலும் தழும்பு. அளந்தேன். நூல் போல மெல்லிய கோடுகள், வைர வடிவில், ஒவ்வொரு பக்கமும் ஒரே அளவு. மடிக்கயிறு தடிமனானது. ஆனால் இறுகினால் தடிமனான கயிறும் மெல்லிய தழும்பு விடலாம். விடும்.

விசைப்படகுச் சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி, உள்ளே போய்க் கத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று போன் வந்ததால் போகவில்லை. கன்று தப்பியது.

இரண்டு வருடத்தில் கோப்பில் பதினொன்று ஆகிவிட்டது. பதினொன்றிலும் "இயற்கை மரணம்." கீழே: கால்நடை உதவி மருத்துவர், கையெழுத்து, முத்திரை.

ஏப்ரல் 15

இன்றுமுதல் விசைப்படகுகளுக்கு அறுபத்தொரு நாள் தடை. மீன் முட்டையிடும் காலம். எல்லாப் படகையும் ஜெட்டியில் கட்டிப் போட்டுவிட்டார்கள். கடல் வெறுமையாக, சத்தமில்லாமல் கிடந்தது. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் மட்டும் போகலாம்.

முனியசாமியிடம் சொன்னேன், "இந்த ரெண்டு மாசத்துல ஒண்ணுகூட ஒதுங்காது, பாரு. அப்ப கொலகாரன் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அவன் ஊசிகளைக் கழுவிக்கொண்டே "சரிங்கம்மா" என்றான். அவனுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஏப்ரல் 20

ஈஸ்டர். பூசை முடிந்து அருளப்பன் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணனுக்கு ஒரு ஃபைபர் படகு, நான்கு வகை வலை. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவர். அவர் கடலில் சம்பாதித்ததில்தான் நான் டாக்டரானேன்.

மதினி ரோஸ்லின் கறியும் இடியாப்பமும் செய்திருந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேப்பமரத்தடியில் புதுத் தங்கூசி வலை குவிந்து கிடந்தது. கண்ணாடி போல, வெயிலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நைலான் நூல்.

"என்ன பிலோமி, மரத்துக்கு முதுகக் காட்டி உக்காந்துருக்க? நெழலு இந்தப் பக்கமில்ல இருக்கு?" என்றாள் மதினி.

கண் கூசுகிறது என்றேன். என் பையில் ஆஸ்பத்திரி அளவு நாடா இருந்தது. காலையில் ஒரு கிடாரி பார்க்கப் போயிருந்தேன், அப்படியே எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

கறி நன்றாக இருந்தது.

ஏப்ரல் 22

தெற்குக் கரை. பெண். நாலேமுக்கால் அடி. மூச்சுக்குழாயில் நுரை. வயிற்றில் கத்தி. செத்து ஒரு நாள்தான் இருக்கும்.

கடலில் ஒரு விசைப்படகுகூட இல்லை.

ஏப்ரல் 23

ரேஞ்சர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்? தடைக்காலம். விசைப்படகே ஓடல. அப்ப தானாச் செத்ததுதான? போடுங்க கையெழுத்து."

"போட முடியாது சார்."

"இத்தன நாளு போட்டீங்க."

"இன்னைக்கு முடியாது."

"ஒரு காரணம் சொல்லுங்க."

மாட்டுக்கு ஊசி போட ஆட்கள் நிற்கிறார்கள் என்று வெளியே வந்தேன். ஒருவரும் நிற்கவில்லை. தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். இரண்டாவது தடவையும் கழுவினேன். ரேஞ்சர்மேல் உள்ள கோபத்தில்தான்.

ஏப்ரல் 24

மத்தியானம் அண்ணனின் படகடிக்குப் போனேன். மணலில் உட்கார்ந்து வலையை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் நாடாவை எடுத்து வலைக்கண்ணை அளந்தேன். நான்கு பக்கமும் அளந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எத்தன?" என்றேன்.

"எது எத்தன?"

"அண்ணே."

ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார். "எனக்கு இந்த வருசம் நாலு. மத்தவனுங்களுக்கு ஒண்ணோ ரெண்டோ இருக்கும். எனக்கென்ன தெரியும்?"

"வயித்தக் கிழிச்சது?"

"கிழிக்காட்டி மெதக்கும். மெதந்தா கரைக்கு வரும். கரைக்கு வந்தா ரேஞ்சரு வருவாரு. கிழிச்சும் சிலது ஒதுங்கிருது."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. பதினோரு மாதம் குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு திரியும் உயிரைக் குத்திக் கிழிக்க எப்படிக் கை வந்தது என்று கேட்டேன். புலியையும் யானையையும் காக்கிற அதே சட்டம்தான் இதற்கும், ஏழு வருடம் உள்ளே போவாய் என்றேன். பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் எழுந்து நின்றார். அவருடைய குரல் என் குரலைவிடப் பெரிதாக இருந்தது.

"நான் என்ன அதப் புடிக்கவா போறேன்? நாலு பாகத் தண்ணியில போட்டுக்கிட்டிருந்த வலைய ஒரே வருசத்துல மூணு தரம் அறுத்துட்டுப் போனானுவ விசைப்படகுக்காரனுவ. எங்க போயி போடச் சொல்ற? தாழைக்குள்ள போட்டாத்தான் அவன் மடி வராது. அதான் அங்க போடுறேன். அங்கதான் அதுவும் மேயுது."

ஒரு பாகம் என்றால் ஆறடி. தாழை என்றால் கரையோரம் ஆழம் குறைந்த தண்ணீரில் வளரும் கடல்புல். ஓங்கில் அதற்குள் இறால் தேடி வரும்.

"இப்பத்தான் விசைப்படகு இல்லையே, வெளிய போட வேண்டியதுதான?"

"ரெண்டு மாசத்துக்காக எடம் மாத்துனா, தாழைக்குள்ள இருக்குற எடம் அடுத்தவனுக்குப் போயிரும். பொறவு எனக்கு எது?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போன மாசம் ஒண்ணு உசுரோட இருந்துச்சு. அம்பது பாகம் வலைய அறுத்துத்தான் விட்டேன். விட்டதும் ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருச்சு. அத நீ எந்த ரிப்போட்டுல எழுதுன?"

எனக்கு அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எனக்குப் பயந்தா மறச்ச?"

"ஒனக்கா? ஒனக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றார் அண்ணன். "நீதான் ஒவ்வொரு தரமும் இயற்கைன்னு எழுதிக் குடுத்துருவியே. முனியசாமி சொல்லுவான். அந்தத் தைரியத்துலதான் இருந்தேன். எனக்காகத்தான் எழுதுறன்னு நெனச்சேன்."

நடந்தே வீட்டுக்கு வந்தேன். வண்டியைப் படகடியிலேயே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 26

எனக்கு அப்போது எதுவும் தெரியாது. அண்ணனுக்காக நான் எழுதவில்லை. இதைப் பத்து தடவை எழுதிப் பார்த்தாலும் அதற்குமேல் நகர முடியவில்லை. அண்ணனுக்காக இல்லையென்றால் யாருக்காக? ரேஞ்சரிடம் மல்லுக்கட்டச் சோம்பல். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். பதினோரு தடவை.

இன்று உட்கார்ந்து பன்னிரண்டாவது அறிக்கையை எழுதினேன். "தங்கூசிச் செவுள் வலையில் சிக்கி, மூச்சடைத்து மரணம். இறந்தபின் கத்தியால் வயிறு கிழிக்கப்பட்டுள்ளது." கூடவே ஒரு கடிதம்: முந்தைய பதினோரு அறிக்கைகளும் தவறு, பரிசோதனையில் கண்டதற்கு மாறாக நானே எழுதிக் கையெழுத்திட்டேன். விசைப்படகுகள் எல்லைக்குள் வருவதால்தான் நாட்டுப்படகு வலைகள் தாழைக்குள் ஒதுங்கியிருக்கின்றன என்பதையும் எழுதினேன். ரேஞ்சருக்கு ஒரு நகல், மாவட்டத்துக்கு ஒரு நகல், பதிவுத் தபால்.

யாருடைய வலை என்று எழுதவில்லை. தழும்பைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்பது உண்மைதான்.

ஏப்ரல் 30

மூன்று நாளாக ஒரு ஆடும் வரவில்லை. கோழிகூட வரவில்லை. கடித விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயில் வாசலில் மதினி என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள்.

முனியசாமி பதிவேட்டில் தேதி போட்டு "வருகை இல்லை" என்று எழுதி வைக்கிறான். அதை மட்டும் யாரும் மாற்றி எழுதச் சொல்லவில்லை.

மே 6

மெமோ வந்தது. பதினோரு பொய் அறிக்கைகளுக்கு அல்ல. "உயரதிகாரியின் அனுமதியின்றி நேரடியாகக் கடிதம் அனுப்பியமைக்கு" விளக்கம் கேட்டு.

மே 12

காலை பத்து மணி இருக்கும். சரக்கு ஆட்டோ ஒன்று ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றது. அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஈரச் சாக்கு. கடைத்தெரு வழியாக, சங்கக் கட்டடத்தைத் தாண்டி, எல்லோரும் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார். பின்னாலேயே இருபது முப்பது பேர்.

சாக்கை விலக்கினார். ஓங்கில். வயிறு கிழிக்கப்படாமல் முழுசாக இருந்தது. முகத்தைச் சுற்றி வலை இன்னும் இறுகியிருந்தது. வலையையும் அறுத்து அப்படியே கொண்டுவந்திருந்தார்.

"எழுது" என்றார்.

"அண்ணே, உள்ள வா, பேசலாம்."

"பேச என்ன இருக்கு? கிழிச்சுக் கிழிச்சு எனக்குக் கையே வெறுத்துப்போச்சு. வீட்டுல சோத்துல கைய வைக்க முடியல. எம் பேரப் போட்டு எழுது. எந்த எடம், எத்தன பாகம், எதுக்கு அங்க போட்டேன், எல்லாத்தையும் எழுது. ஒண்ணையும் விடாத."

கொட்டகை மேடையில் வைத்து அறுத்தேன். அவர் நகராமல் பக்கத்திலேயே நின்றார். கருப்பையைத் திறந்தபோது உள்ளே குட்டி இருந்தது. மூன்று சாண் நீளம். வாலை மடக்கிக்கொண்டு, பிறக்கத் தயாராக.

"குட்டியா?" என்றார்.

"ஆமா."

அவர் கையைக் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். கூட்டத்தில் யாரோ "கூடப் பொறந்தவளே காட்டிக் குடுக்குறா" என்று சொன்னது காதில் விழுந்தது. அண்ணன் திரும்பி, "ஏலே, நானாத்தாண்டா கொண்டு வந்தேன். ஒன் வலையில செத்தத நீ எங்கடா பொதச்ச?" என்றார்.

கொண்டுவந்தவர் பெயர்: ம. அருளப்பன். எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

மே 14

ரேஞ்சர் ஜீப்போடு வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். கிளைச் சிறை. இந்தக் கரையில் இதுவரை இந்தச் சட்டத்தில் ஒரு விசைப்படகுக்காரன்மேலும் வழக்கு இல்லை. முதல் வழக்கு, தானாகக் கொண்டுவந்து கொடுத்தவன்மேல்.

நான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "நீங்க எழுதுனதுதான மேடம்? சட்டம் தன் கடமையச் செய்யுது" என்றார். மேசையில் என் அறிக்கை இருந்தது. அண்ணன் பெயர் உள்ள வரியில் சிவப்பு மையால் கோடு. விசைப்படகு எல்லைக்குள் வருவதைப் பற்றிய பத்தியில் ஒரு கோடும் இல்லை.

"அடுத்த பத்தியப் படிச்சீங்களா?"

"அது மீன்வளத் துறை சமாச்சாரம்."

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். அது விழுந்தது. எடுத்து நிறுத்தவில்லை.

மே 15 – 28

வக்கீல். ஜாமீன். ஒவ்வொரு நாளும் பஸ். மதினி என்னோடு வருவாள், ஆனால் என்னோடு பேசமாட்டாள். ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

இருபத்தாறாம் தேதி திரும்பும்போது மட்டும் கேட்டாள், "அந்தக் குட்டிய எங்க பொதச்சீங்க?"

"தாயோடயே, ஆஸ்பத்திரிக்குப் பின்னால."

அதன்பிறகு ஊர் வரும்வரை அழுதாள்.

மே 29

அண்ணன் வெளியே வந்தார். சாயங்காலம் ஊர்க் கமிட்டி கூடியது. என்னை வெளியே நிற்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

தாடி வளர்ந்த முகத்தோடு அண்ணன் பேசினார்.

"பதினஞ்சு நாளா யோசிச்சேன். ஒருத்தன் கொண்டு வந்தா அவன் குத்தவாளி. எல்லாரும் கொண்டு வந்தா? அப்ப எத்தன பேர உள்ள வைப்பாங்க? எதுக்கு இத்தன சாவுதுன்னு கேட்டுத்தான ஆவணும்? நாம கிழிச்சு முக்குற வரைக்கும் அவங்களுக்கு ஒரு கேள்வியும் இல்ல. நமக்கும் ஒரு பதிலும் இல்ல."

ஒருவர் எழுந்து, "ஒந் தங்கச்சி வேலைக்கு நாங்க ஏன் செயிலுக்குப் போவணும்?" என்றார்.

நான் பதில் சொன்னேன். பதினொன்றைப் பற்றி அவர்கள் எல்லோர் முன்பும் சொன்னேன். நான் முதல் தடவையே உண்மையை எழுதியிருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பே இந்தப் பேச்சு நடந்திருக்கும், பாதி உயிராவது மிஞ்சியிருக்கும் என்றேன். யாரும் என்னை மன்னிக்கவில்லை. ஒருவர் துப்பினார். ஆனால் கூட்டம் கலையவில்லை.

ஜூன் 3

தெற்குத் தெரு ஞானப்பு ஒன்று கொண்டுவந்தார். வயிறு கிழிக்கப்படவில்லை.

ஜூன் 5

இரண்டு. இரண்டு படகுகள். ஒருவர் வலையோடு, ஒருவர் வலை இல்லாமல்.

ஒரு ஆடும் வந்தது. கழிச்சல்.

ஜூன் 9

இன்னொன்று. கொண்டுவந்தவர், அன்றைக்குத் துப்பியவர்.

ஜூன் 10

ரேஞ்சர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், ஒரு வாரத்துல நாலு. மேல இருந்து கேக்குறாங்க. எண்ணிக்க ஏறிக்கிட்டே போகுது. அவங்கள கொண்டு வர வேணாம்னு சொல்லுங்களேன்."

"செத்தத எங்க போடச் சொல்றீங்க சார்?"

"முன்னெல்லாம் இப்படி வந்ததில்லையே..."

"முன்னயும் செத்துச்சு சார். நீங்களும் நானும் சேர்ந்து பொதச்சோம்."

வைத்துவிட்டேன். முனியசாமி டீ வாங்கிவந்து முன்னால் வைத்தான். நான்கு வருடத்தில் முதல் தடவையாக எதிரில் உட்கார்ந்து அவனும் குடித்தான்.

ஜூன் 13

கமிட்டி முடிவு: இனி தாழைக்குள் யாரும் வலை போடுவதில்லை. எல்லோரும் பழையபடி நாலு பாகத்துக்கு வெளியே. அதற்குப் பதிலாக, விசைப்படகுகளை எல்லைக்கு அப்பால் நிறுத்த வேண்டும் என்று மனு. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு, "கண்டிப்பாகக் கண்காணிக்கிறோம்" என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பிறகு தருவதாகச் சொன்னார்.

அண்ணன் முந்தாநாளே வலையை வெளியே மாற்றிவிட்டார். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு அவர் உள்ளே இருக்கக்கூடாதாம்.

ஜூன் 15

தடை முடிந்தது. விடியும்போது ஜெட்டியிலிருந்து எல்லா விசைப்படகும் ஒன்றாகக் கிளம்பின. ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஜூன் 16

அதே சரக்கு ஆட்டோ. அண்ணனும் மதினியும் இறங்கினார்கள். இன்னொன்றோ என்று கையுறையை மாட்டினேன்.

இரண்டு பேருமாகத் தூக்கிவந்து மேடையில் போட்டது வலை. போட்ட வலையில் முக்கால்வாசி கடலோடு போய்விட்டது. மிச்சம் இதுதான். மிதவைக் கயிறு பிய்ந்து, தங்கூசி சுருண்டு, நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டைகள்.

"எங்க?" என்றேன்.

"சொன்ன எடத்துலதான். தாழைக்கு வெளிய. கரையிலேர்ந்து ரெண்டு மைலு. கொடி கட்டித்தான் போட்டுருந்தேன். பாத்துக்கிட்டே ஏத்திட்டுப் போனான்."

மீன்வளத் துறைக்குப் போயிருக்கிறார்கள், திங்கள்கிழமை வரச் சொன்னார்களாம். இன்றைக்கே திங்கள்கிழமைதான். போலீஸ் ஸ்டேஷனில் கடல் தங்கள் எல்லை இல்லை என்றார்களாம்.

மதினி என் முகத்தை நேராகப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான். "நீதான் உள்ளதை உள்ளபடி எழுதுவியே. எழுது" என்றாள்.

கால்நடை மருத்துவர் வலைக்கு அறிக்கை எழுத எந்த விதியும் இல்லை. அடுத்த மெமோவுக்கு அது போதும். முனியசாமியை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கிழிசலாக அளந்தோம். இடம், ஆழம், நேரம், கொடியின் நிறம், எல்லாம் எழுதினேன்.

"படகு நம்பர் பாத்தியா அண்ணே?"

"பாக்காம இருப்பனா?"

மேடையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் எழுதினேன். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். கீழே என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.